ஆஸ்துமாவைச் சிக்கனமாக வளர்ப்பது எப்படி?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். உங்களுக்கு ஆஸ்துமா கிடையாது. வீசிங்தான். அதுவும் லேசான வீசிங்.

சிக்கனம் பெயரிலேயே தொடங்குகிறது. குழந்தைக்கு வந்தால் 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்று சொல்லிக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணுக்கு வந்தால் 'டஸ்ட் அலர்ஜி'. அப்பாவுக்கு வந்தால் 'மார்கழிப் பனி ஒத்துக்கல'. தாத்தாவுக்கு இருந்தது 'இழுப்பு'. அவர் போய்ச் சேர்ந்தது 'வயசாகி'. எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், அந்த ஒரு சொல்லை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். எடுத்தால் தினமும் மருந்து, மாதாமாதம் செலவு என்று டாக்டர் ஆரம்பித்துவிடுவார். வீசிங்குக்கு அந்தத் தொல்லை இல்லை. வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நான் டாக்டர் இல்லை. இருபத்தாறு வருட நோயாளி. அதில் முதல் பத்தொன்பது வருடம், கீழே வரும் முறைகளில் மீன் வைத்தியம் நீங்கலாக மற்ற எல்லாவற்றையும் கடைப்பிடித்தவன். வரவு செலவு நோட்டு எழுதுகிற குடும்பத்தில் பிறந்ததால் கணக்கும் கைவசம் இருக்கிறது.

நோயின் போக்கு கொஞ்சம் தெரிந்திருந்தால்தான் சரியான இடத்தில் சிக்கனம் பிடிக்க முடியும். ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயில் உள்சுவர் லேசாக வீங்கியே கிடக்கும், இழுப்பு இல்லாத நாளிலும். தூசோ புகையோ சளியோ சீண்டும்போது குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகிக்கொள்கிறது. அப்போதுதான் நெஞ்சுக்குள் பூனை கத்துகிறது. நீல பம்பில் இருக்கும் சால்பூட்டமால் அந்தத் தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் கேட்கும், நாலைந்து மணி நேரம் தாங்கும். வீக்கத்தை அது தொடாது. வீக்கத்துக்கு இன்னொரு பம்பு உண்டு. பியூடசனைடு, பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது ஒரு ஸ்டீராய்டு அதில் இருக்கும். இழுத்ததும் ஒன்றும் தெரியாது. நன்றாக இருக்கிற நாளிலும் விடாமல் இழுத்தால் வாரக்கணக்கில் பலன் தெரியும். ஓட்டுவீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: நீல பம்பு என்பது ஒழுகுகிற இடத்தில் வைக்கும் குண்டான். மற்றது, மேலே ஏறி ஓடு மாற்றுவது. மழையில் ஏற முடியாது. வெயிலடித்தால் ஏறத் தோன்றாது. ஆகவே குண்டானை வைத்தே காலம் தள்ளலாம் என்பதுதான் நம் முறையின் அடிப்படை.

டாக்டர் விவரம் தெரிந்தவராக இருந்து இரண்டு பம்பும் எழுதிவிட்டால் பதற வேண்டாம். சீட்டை மெடிக்கல் ஷாப்பில் நீட்டி, "தம்பி, இதுல எது அடிச்சா உடனே கேக்கும்?" என்று கேளுங்கள்.

"நீலம்ணே."

"மத்தது?"

"அது ரேட்டு ஜாஸ்திண்ணே. தினமும் எடுக்கணும்."

"நீலத்தை மட்டும் குடு."

மூன்றே வரியில் மருந்துச் செலவு பாதிக்குக் கீழே. அடுத்த தடவையிலிருந்து சீட்டும் வேண்டியதில்லை, பழைய டப்பாவைக் காட்டினால் போதும். டாக்டர் ஃபீஸும் மிச்சம்.

இந்த வழியில் நாம் தனியாக நடக்கவில்லை என்பதில் ஓர் ஆறுதல். பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் மருத்துவக் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்து 2014-இல் அறிக்கை வெளியிட்டார்கள். கடைசி ஒரு வருடத்தில் எத்தனை நிவாரண பம்பு எழுதித் தரப்பட்டது என்ற விவரம் 165 பேருக்குக் கிடைத்தது. அவர்களில் 65 பேருக்கு 12 பம்புக்கு மேல். வீக்கத்துக்கான பம்பு பலருக்குப் போதிய அளவு எழுதப்படவேயில்லை. குடும்ப டாக்டர், கணினிப் பதிவேடு, அரசு மருத்துவச் சேவை எல்லாம் உள்ள ஊரிலேயே இந்தக் கதி. போகிறபோக்கில் ஒன்று: இங்கிலாந்தில் மருந்துச்சீட்டுக் கட்டணத்திலிருந்து விலக்குப் பெறும் நோய்களின் பட்டியலை 1968-இல் எழுதினார்கள். ஆஸ்துமா அதில் இல்லை, இன்றுவரை சேர்க்கவும் இல்லை. ஆகவே காசைப் பார்த்துப் பம்பைத் தள்ளிப்போடும் கலையில் அவர்களும் நம் பங்காளிகள்தான்.

நீல பம்பிலும் மிச்சம் பிடிக்கலாம். ஒரு டப்பாவில் 200 முறை அழுத்தும் மருந்து. அழுத்தும் எண்ணிக்கையை யாரும் எழுதி வைப்பதில்லை. மருந்து தீர்ந்த பிறகும் உள்ளேயிருக்கும் உந்துவாயு கொஞ்ச நாள் 'புஸ்' என்று வந்துகொண்டே இருக்கும். சத்தம் வருகிறவரை மருந்தும் வருகிறது என்று நம்புங்கள். சந்தேகம் இருந்தால் டப்பாவைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள். மிதந்தாலும் முழுகினாலும் உள்ளே எவ்வளவு மருந்து என்பது தெரியாது. ஆனாலும் ஏதோ சோதித்த திருப்தி கிடைக்கும். இழுப்பது எப்படி என்று மட்டும் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். வாயைத் திறந்து கொசு மருந்து அடிப்பதுபோல் இரண்டு தடவை அடித்தால் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் படியும். நுரையீரல் தூரத்தில் இருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

பம்பே வேண்டாம் என்பவர்களுக்கு மாத்திரை இருக்கிறது. என் அத்தை அந்தக் கட்சி. "பம்பு பழகிடும்டா. அப்புறம் விடவே முடியாது. ஒரு மாத்திரையைப் போட்டுட்டுப் போ" என்பார். அத்தை சொல்லுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருப்பது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. பம்பை ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம் சால்பூட்டமால். மாத்திரையில் இருப்பது 4 மில்லிகிராம். நாற்பது மடங்கு! அதே மருந்து, நாற்பது மடங்கு, விலையோ சல்லிக்காசு. மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்க ஊர்வலம் வந்து கடைசியில் நெஞ்சை எட்டும். வழியில் கை நடுங்கும், இதயம் தடதடக்கும். காசுக்கு ஏற்ற சரக்கு வேறெப்படித் தெரியும்? தடதடப்புக்காக வேறொரு டாக்டரிடம் போய், மாத்திரை சாப்பிடும் விஷயத்தை மறைத்துவிட்டால், அவர் புரோப்ரனலால் எழுதக்கூடும். அது மூச்சுக்குழாயை இறுக்கும் மருந்து. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஒரு சின்ன பின்னடைவையும் சொல்லியாக வேண்டும். 2024 அக்டோபரில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் எட்டு மருந்துகளின் உச்சவிலையை 50 சதவீதம் ஏற்றியது. விலை கட்டுப்படியாகவில்லை, தயாரிப்பை நிறுத்திவிடுவோம் என்று கம்பெனிகள் முறையிட்டதுதான் காரணம். அந்த எட்டில் சால்பூட்டமால் மாத்திரையும் நெபுலைசர் திரவமும் உண்டு. ஏற்றிய பிறகும் மாத்திரை மலிவுதான். அத்தை கவலைப்படவில்லை.

அத்தையின் இன்னொரு கவலை பணத்துக்கு அப்பாற்பட்டது. "நாலு பேர் பாக்க பம்பு அடிச்சா யார் பொண்ணு குடுப்பா?" இந்தக் கருவி பிறந்த கதையை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். 1955-இல் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனித் தலைவரின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. அப்போதெல்லாம் கண்ணாடிக் கருவியின் ரப்பர் குமிழை அமுக்கி அமுக்கித்தான் மருந்து இழுக்க வேண்டும். "தலைக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி இதைச் செய்யக் கூடாதா அப்பா?" என்று அவள் கேட்டாள். அடுத்த வருடமே பம்பு சந்தைக்கு வந்துவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தை சொன்னது: "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா?"

ஸ்டீராய்டு பயம் தனி. தினமும் இழுக்கும் பியூடசனைடு பலருக்கு 400 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் பாதிகூட இல்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் "ஐயையோ ஸ்டீராய்டா, எலும்பு உளுத்துடும்" என்று அலற வேண்டும். பிறகு கிளினிக்கில் தரும் காகிதப் பொட்டலத்தை வாங்கி, உள்ளே இருக்கும் நாலு நிற மாத்திரைகளில் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை மட்டும் 'ரொம்ப நல்லா கேக்குது' என்று கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்க வேண்டும். அது பெரும்பாலும் பிரெட்னிசலோனோ பீட்டாமெத்தசோனோவாக இருக்கும், அசல் ஸ்டீராய்டு. 10 மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்பது எடைக்கணக்கில் அந்த 400 மைக்ரோகிராமைப்போல 25 மடங்கு. பசி எடுக்கும், முகம் உருண்டையாகும். 'உடம்பு தேறிட்டான்' என்று சொந்தக்காரர்கள் மகிழ்வார்கள். சர்க்கரையும் கண்புரையும் பின்னால் வரும், அது வேறு கணக்கு.

இனி மாலை நேரக் கிளினிக். நம் முறையின் கோயில் இதுதான். ராத்திரி எட்டரை மணிக்கு மூச்சு வாங்கியபடி போங்கள். டோக்கன் 47. டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து எடுப்பதற்குள் சிஸ்டர் ஊசியோடு நிற்பார்: டெரிஃபிலின் ஒன்று, டெக்ஸா ஒன்று. பிறகு நெபுலைசர் முகமூடி. பத்து நிமிடப் புகை. வெளியே வந்தால் உலகமே புதிது. டாக்டர் கைராசிக்காரர்.

கூடவே ஒரு சீட்டு. இருமல் சிரப், ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக், மான்டிலுகாஸ்டும் லெவோசெட்டிரிசினும் சேர்ந்த மாத்திரை, வயிற்றுக்கு ஒரு கேப்சூல், சத்துக்கு ஒரு டானிக். பெரும்பாலான இழுப்புக்கு ஆன்டிபயாட்டிக் தேவையே இல்லை. மான்டிலுகாஸ்டுக்கு மனநிலைப் பாதிப்பு குறித்து 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மிகக் கடுமையான எச்சரிக்கையை அட்டையில் போடச் சொன்னது. சாதாரண மூக்கொழுகலுக்கெல்லாம் தராதீர்கள் என்றது. நம் ஊரில் அது மூக்கொழுகல் மாத்திரையேதான். சீட்டில் வராதது ஒன்றே ஒன்று: அந்த இன்னொரு பம்பு.

டாக்டரைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர் பக்கம் நின்று பார்த்தால் இந்த முறையின் அழகு இன்னும் விளங்கும். பம்பு இழுக்கக் கற்றுக்கொடுக்கப் பத்து நிமிடம் ஆகும். வெளியே பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கற்றுக்கொடுத்ததற்கு யாரும் காசு தருவதில்லை, ஊசிக்குத் தருவார்கள். முந்நூறு சொச்ச ரூபாய்க்கு ஒரு பம்பு எழுதி, 'நல்லா இருந்தாலும் தினமும் இழுங்க' என்று சொன்னால் நோயாளி வெளியே போய், "ஒரு ஊசிகூடப் போடல, என்ன டாக்டர்" என்று அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். நூற்றைம்பது ரூபாயில் ஊசி போட்டால் அவரே இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வருவார், நன்றியோடு. மருந்தை மலிவாக எழுதுகிறவர் என்று ஊரில் பேரும் கிடைக்கும். அந்தப் பேர் உண்மையும்கூட. ஒரு சீட்டின் விலையைத்தான் ஊர் பார்க்கிறது. வருடத்துக்கு எத்தனை சீட்டு என்று எந்த ஊரும் எண்ணியதில்லை.

டாக்டர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் இரண்டு குறிப்பு. "பம்பு எப்படி அடிக்கிறீங்க, காட்டுங்க" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். மருந்தின் பொதுப்பெயரை எழுதாதீர்கள். எழுதினால் நோயாளிகள் ஜன் ஔஷதி, 2025 பிப்ரவரி 24-இல் தமிழக அரசு ஒரே நாளில் ஆயிரம் திறந்த முதல்வர் மருந்தகம் என்று விலை விசாரிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. தினசரி பம்புக்கு எந்தப் பாலிசியிலும் எளிதில் காசு பெயராது. படுக்கையில் படுத்தால் பெயரும். ஆகவே பம்பு வாங்காமல் பொறுமையாக இருந்து, உதடு நீலம் பாரித்ததும் 108-ஐக் கூப்பிட்டு, மூன்று நாள் ஆக்ஸிஜனோடு படுத்துவிட்டு வந்தால் ஒரு பைசா செலவில்லை. பாலிசியை இதைவிடப் புத்திசாலித்தனமாக யாரும் பயன்படுத்த முடியாது. 108 தாமதமானால் என்ன ஆகும் என்பதைப் பாலிசியில் எங்கும் எழுதியிருக்காது.

முற்றிலும் இலவசம்தான் வேண்டுமென்றால் ஹைதராபாத் போங்கள். ஜூன் முதல் பாதியில், மிருகசீரிஷ கார்த்தி நாளில், நாம்பள்ளி பொருட்காட்சி மைதானத்தில் பத்தினி குடும்பத்தார் விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் நிற மருந்து உருண்டையை வைத்து உயிரோடு விழுங்கத் தருவார்கள். சைவர்களுக்கு வெல்லம். காசு வாங்குவதில்லை. மூன்று வருடம் தொடர்ந்து போக வேண்டும். மூன்று பேர் போய்வர ரயில் டிக்கெட், லாட்ஜ் எல்லாம் சேர்த்து என் சகலை கணக்குப் போட்டுச் சொன்ன தொகையைக் கேட்டதும் எனக்கே இழுப்பு வந்தது. அதனால் போகவில்லை.

வீட்டையும் மறந்துவிடக் கூடாது. படுக்கையறைக் கதவு ஜன்னலைப் பனிக்குப் பயந்து இறுக்கிச் சாத்துங்கள். உள்ளே ஒரு கொசுவர்த்தி. அதில் ஒன்று முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டின் அளவு என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. நீங்களோ பீடி சிகரெட்டைத் தொடாதவர், பெருமையாகத் தூங்கலாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, காலையில் ஊதுபத்தி, அடுப்படியில் மிளகாய்த் தாளிப்பு, போகிக்குப் பழைய பாய், இலவம்பஞ்சுத் தலையணையை உதறாமல் பத்து வருடம். இதில் எதையும் நிறுத்தச் செலவே ஆகாது என்பதால் நம் திட்டத்தில் இடமில்லை.

என்னைக் கெடுத்தது 2018-இல் அரசு ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டியில் இருந்த ஒரு பயிற்சி டாக்டரம்மா. வயது இருபத்து நாலு இருக்கலாம். மூச்சு கொஞ்சம் அடங்கியதும் பக்கத்தில் வந்து, "அங்கிள், பம்பு எப்படி அடிப்பீங்க, காட்டுங்க" என்றது அந்தப் பெண். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அடித்துக் காட்டினேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, என் கையிலிருந்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை வாங்கிக் காலிசெய்து, அடியில் பம்பின் வாய் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, ஓரத்தை பிளாஸ்டரால் ஒட்டியது. "பம்பை நல்லா குலுக்குங்க. மூச்சை வெளிய விடுங்க. பாட்டில் வாயை உங்க வாயில வெச்சு ஒரு தடவை அமுக்கிட்டு, மெதுவா உள்ள இழுங்க. பத்து எண்ணுங்க."

கடையில் ஸ்பேசர் என்று விற்பதன் ஏழைத் தம்பி அது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் மூச்சுத்திணறலோடு வந்த குழந்தைகளிடம் இந்தப் பாட்டிலைக் கடை ஸ்பேசரோடு ஒப்பிட்டுப் பார்த்து, இதுவும் அதே அளவு வேலை செய்கிறது என்று 1999-இல் எழுதியிருக்கிறார்கள். பம்பும் ஸ்பேசரும் சேர்ந்தால், உயிருக்கு ஆபத்தான கட்டம் தவிர மற்ற இழுப்புகளில் நெபுலைசருக்குக் குறைந்ததில்லை என்பதும் நெடுநாளாகத் தெரிந்த சங்கதி. நான் அதற்குள் வீட்டுக்கென்று ஒரு நெபுலைசர் மெஷினே வாங்கியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். 2017-ஆம் வருடம் கிளினிக் போன மாலைகள் பதினாலு. ஒவ்வொன்றுக்கும் ஃபீஸ், ஊசி, புகை, சிரப், ஆட்டோ எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குக் குறையவில்லை. மொத்தம் 8,400. போகாத வேலைநாள் இருபத்து மூன்று. அதை அந்த நோட்டில் எழுதும் வழக்கமில்லை. டாக்டரம்மா எழுதிக்கொடுத்த இன்னொரு பம்பு எங்கள் கடையில் அப்போது 350 ரூபாய். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. 200 அழுத்தல் என்றால் நூறு நாள். வருடத்துக்கு நாலு பம்பு, 1,400 ரூபாய். நாளுக்கு மூன்றரை ரூபாய். நான் அன்றாடம் கடையில் நின்று குடிக்கும் டீ அப்போதே பத்து ரூபாய்.

சால்பூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுத்து ஆஸ்துமாவைச் சமாளிக்காதீர்கள் என்று உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டி 2019-இல் சொல்லிவிட்டது. பியூடசனைடும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த ஒரே பம்பை இழுப்பு வரும்போதும் வராதபோதும் பயன்படுத்தும் முறையும் இருக்கிறது. உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்கலாம். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துப் பதிவேடுகளை வைத்து 2000-இல் வந்த ஆய்வில், வருடத்தில் கூடுதலாக வாங்கிய ஒவ்வொரு ஸ்டீராய்டு பம்புக்கும் ஆஸ்துமா மரணம் 21 சதவீதம் குறைந்திருந்தது. உலகின் ஆஸ்துமாக்காரர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவர் இந்தியர். ஆஸ்துமாவால் இறப்பவர்களில் பத்தில் நாலு பேர் இந்தியர். நம் சிக்கனத்தை உலகம் இப்படித்தான் அளந்து வைத்திருக்கிறது.

அத்தை இப்போது தன் பேரனுக்குப் பம்பு கொடுக்கச் சம்மதித்துவிட்டார், கதவைச் சாத்திக்கொண்டு. நீங்கள் இதுவரை சொன்ன முறைப்படி நடப்பவர் என்றால் நீல டப்பாவை எடுத்து, எந்தத் தேதியில் வாங்கியது என்று பாருங்கள். மாதம் ஒன்று தீர்கிறது என்றால் இந்தக் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு நாளைக் காலையிலேயே டாக்டரிடம் போங்கள், இழுப்பு வரும்வரை காத்திருக்காமல். இருக்கிற பம்பைக் கையோடு எடுத்துப்போய், அவர் கேட்காவிட்டாலும் இழுத்துக் காட்டுங்கள். ஸ்டீராய்டு பம்பு இழுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். விட்டால் நாக்கில் வெள்ளை படியும்.